கடல்நத்தைக்குப் பெயர் தேடும் பிள்ளைகளுக்கு, கோரிமேட்டிலிருந்து

கோரிமேட்டில் நின்றால் கடல் தெரியாது. ஆனாலும் ஞாயிறு மாலையானால், கடலில் மூழ்கிவிட்டு வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்பார்கள். பாதிப் பேர் ஜிப்மர் ஹவுஸ் சர்ஜன்கள், ஒருவர் இருவர் பல் மருத்துவம். விலங்கியல் படிக்கிற பிள்ளைகள்தான் குறைவு. அந்தப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு, இருக்கட்டும்.

அவர்கள் காட்டுவது பெரும்பாலும் நுடிபிராங்க் படம்: ஓடில்லாத, விரல் நீளம்கூட இல்லாத, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் கொண்ட கடல்நத்தை. அண்மையில் ஒரு மாணவி திருகோணமலைக்குப் போய், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுப் பக்கம் எடுத்த படத்தைக் காட்டினாள். வெளிர்மஞ்சள் முதுகு, அதில் கருத்த புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வெளிறிய வளையம், ஓரத்தில் நிறப்பட்டைகள். கைப்பேசிச் செயலி மூன்று பெயர் சொன்னதாம். எது சரி என்று கேட்டாள். ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதைத் தேடும் வழியை எழுதித் தருகிறேன் என்றேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

1. பெயரைக் கேட்கும் முன் இடத்தைச் சொல்லுங்கள். எந்த ஊர்க் கடல், என்ன தேதி, எத்தனை மீட்டர் ஆழம், பாறையா மணலா, நத்தை எவ்வளவு நீளம். நம் ஊருக்கு எதிரே டெம்பிள் ரீஃப் செயற்கைத் திட்டில் எடுத்த படத்தையும் அந்தமானில் எடுத்த படத்தையும் ஒரே ஃபோல்டரில் கலந்து வைத்திருப்பவர்களுக்கு நான் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். நத்தை எதன்மேல் ஊர்ந்ததோ அதையும் ஒரு படம் எடுங்கள். குரோமோடோரிட் குடும்பத்து நத்தைகள் கடற்பஞ்சு தின்பவை. பஞ்சிலிருக்கும் நச்சை எடுத்துத் தங்கள் மேன்டில் என்னும் மேற்போர்வையின் ஓரத்துச் சுரப்பிகளில் சேர்த்து வைத்துக்கொள்பவை. ஆகவே எந்தப் பஞ்சில் இருந்தது என்பது பெரிய துப்பு. பக்கத்தில் நாடா மாதிரிச் சுருண்ட முட்டைத்தொகுதி கிடந்தால் அதையும் விடாதீர்கள்.

2. நிறத்தை நம்பாதீர்கள், நம்பக்கூடாது என்பதற்காக ஒதுக்கியும் விடாதீர்கள். இந்த நத்தைகளின் நிறம் மீனுக்கு விடுக்கும் எச்சரிக்கை. ஒருமுறை கடித்து நச்சை ருசித்த மீன் அந்தக் கோலத்தை மறுபடி சீண்டாது. ஒரே கடலில் வாழும் பல சிற்றினங்கள் ஒரே கோலத்தில் இருந்துவிட்டால் மீன் ஒரு பாடம் படித்தால் போதும், எல்லாருக்கும் லாபம். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பில் ருட்மன் இந்தக் குடும்பத்தை நிறக்குழுக்களாகப் பிரித்துக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதியவர். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் சிவப்புப் புள்ளி போட்ட நத்தைகள் பல சிற்றினங்களைச் சேர்ந்தவை என்று எடுத்துக்காட்டி, நிறம் எப்படிப் பரிணமிக்கிறது என்று 1991இல் எழுதினார். ஒரே நிறம் என்றால் ஒரே இனம் என்ற எண்ணத்துக்கு அது ஒரு அடி.

இதற்கு நேர்மாறான அடி 2018இல் விழுந்தது. ஹிப்செலோடோரிஸ் பேரினத்தை டிஎன்ஏ கொண்டு அலசிய கலிஃபோர்னியா அறிவியல் அகாதமிக் குழு ஒரே கட்டுரையில் 17 புதிய சிற்றினங்களுக்குப் பெயரிட்டது. அவற்றில் ஹிப்செலோடோரிஸ் இபா என்பதன் கதை சுவையானது. பார்வைக்கு வெவ்வேறு நிறமுள்ள இரண்டு நத்தைகள் இணைசேர்ந்தபடி கிடைத்தன. கலப்பினமோ என்று பார்த்தால், டிஎன்ஏ இரண்டும் ஒன்றே என்றது. அதே ஆண்டு குரோமோடோரிஸ் பேரினத்தைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வு, ஒரே சிற்றினம் இடத்துக்கு இடம் அக்கம்பக்கத்து இனத்தின் கோலத்தைப் போட்டுக்கொள்வதைக் காட்டியது. நிறத்தை வைத்து வழக்கில் யார் யார் சம்பந்தப்பட்டவர்கள் என்று பட்டியல் போடலாம். தீர்ப்பு எழுத முடியாது.

3. புள்ளிகளை எண்ணாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை ஒரே இனத்திலேயே நத்தைக்கு நத்தை மாறும். சேலை எடுக்கப் போகிற பெரியவர்கள் உடலை அப்புறம் பார்ப்பார்கள், முதலில் கரையைத்தான் புரட்டுவார்கள். அந்தக் கண் இங்கே வேண்டும். விளிம்பின் கடைசிக் கோட்டிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு பட்டையாக எழுதுங்கள்: என்ன நிறம், எவ்வளவு அகலம், முழுதாக ஓடுகிறதா, நடுவில் அறுந்து புள்ளியாகிறதா. பிறகு தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மோப்பக் கொம்புகளின் நிறம், பின்னால் மலர்ந்திருக்கும் செவுள்கொத்தின் ஓர நிறம், முடிந்தால் மேன்டிலின் அடிப்பக்கம். இவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

விளக்கு இல்லாமல் எடுத்த படத்தை வைத்து நிறம் பேசாதீர்கள். பத்து மீட்டர் இறங்குவதற்குள் தண்ணீர் சிவப்பைத் தின்றுவிடும். திருகோணமலைப் படத்தில் ஓரம் நீலமா ஊதாவா என்று கேட்டபோது, நத்தையின் நிறமா தண்ணீரின் நிறமா என்று அந்தப் பெண்ணுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள், காணொளியும் எடுத்திருந்தாள். அந்த நத்தை ஊரும்போது மேன்டிலின் முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இந்தக் கூட்டத்து நத்தைகள் சிலவற்றுக்கே உள்ள பழக்கம் அது. நின்ற படத்தில் அது தெரிந்திருக்காது.

4. முதலில் பெயர் வைத்தவர் யார், எந்தக் கரையில் நின்று வைத்தார் என்று தேடுங்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அந்த மாணவியின் நத்தைக்குச் செயலி சொன்ன பெயர்களில் மிகப் பழையது கோனியோபிராங்கஸ் கிளெனியெய். வைத்தவர் எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட், 1858இல். இலங்கையில் 1819இல் பிறந்தவர், எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், படை மருத்துவராக வேலை பார்த்தவர். ஜிப்மர் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: நம் பக்கத்துக் கடலின் நத்தைகளுக்கு முதலில் முறையாகப் பெயரிட்டவர்களில் ஒருவர் டாக்டர். ஜிப்ரால்டரில் வேலை பார்த்தபோது அங்கேயுள்ள செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இலங்கை திரும்பி அங்குள்ள விலங்குகளைப் பற்றி 1852இல் ஒரு நூல். மன்னார் முத்துச்சிப்பிகளைப் பற்றி அரசுக்கு அறிக்கைகள். நடுவே திருகோணமலைக் கடலோரத்தில் நுடிபிராங்குகளைச் சேகரித்து விவரித்து, ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளை இதழில் வெளியிட்டார். கிளெனி என்பவர் திருகோணமலையில் இருந்த பாதிரியார். அவர் பெயரைத்தான் நத்தைக்கு வைத்தார்.

1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே கெலார்ட் இறந்துபோனார். அவர் எழுதியது கொழும்பு இதழில் இருக்க, அவர் வைத்திருந்த வண்ணப்படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஹான்காக் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தன. எழுத்து ஓரிடம், படம் ஓரிடம். வகைமாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரி என்று சொல்லி, ஜாடியைத் திறந்து எடுத்து மேசைமேல் வைக்கக்கூடிய நத்தை கிளெனியெய்க்கு இல்லை. அந்தப் பெயர் இத்தனை காலம் ஊசலாடுவதற்கு அதுதான் வேர்.

5. பழைய சண்டையைத் தீர்த்துவைத்தவரையும் படியுங்கள், ஆனால் அவரோடு சண்டையும் போடுங்கள். கெலார்டின் எழுத்தையும் படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் சர் சார்லஸ் எலியட். தென்னிந்தியா, இலங்கை நுடிபிராங்குகளைப் பற்றி லண்டன் விலங்கியல் சங்க இதழில் 1906இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரைதான் இன்றும் நமக்கு நுழைவாயில். தொழிலால் அவர் விலங்கியலாளர் அல்ல, ராஜதந்திரி. பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆணையராக இருந்தவர், ஷெஃபீல்டிலும் ஹாங்காங்கிலும் துணைவேந்தர், பிறகு ஜப்பானில் தூதர். இந்து சமயம், பௌத்தம் பற்றி மூன்று தொகுதி நூல் எழுதியவரும் அவரே. விந்தை என்னவென்றால் அவரும் 1931இல் ஊர் திரும்பும் கப்பலில்தான் இறந்தார்.

எலியட் செய்தது பெரிய வேலை. ஆனால் அவர் கையில் இருந்தவை படங்களும், திரவத்தில் ஊறி நிறமிழந்த உடல்களும். நிறம் போன நத்தையையும் நிறமுள்ள படத்தையும் பொருத்தும்போது இடையில் ஒரு தாவல் இருக்கும். அந்தத் தாவலை எங்கே செய்தார் என்று பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதே கதையில் இன்னொரு எலியட் வருவார், சர் வால்டர் எலியட். அவர் சென்னை மாகாண அதிகாரி, விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்து வால்டேரில் நத்தை சேகரித்து அனுப்பியவர், ஏறத்தாழ அறுபது ஆண்டு மூத்தவர். தமிழில் எழுதினால் இருவர் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். குறிப்பேட்டில் ஆண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

6. பின்னால் வந்த பெயர்களை வரிசைப்படி நிறுத்துங்கள். வெளிறிய முதுகில் வளையம் போட்ட புள்ளி என்ற கோலத்துக்கு, கெலார்டுக்குப் பிறகு குறைந்தது மூன்று பெயர்கள் வந்தன. பாரிஸைச் சேர்ந்த அலிஸ் ப்ருவோ-ஃபோல் அம்மையார் 1930இல் நியூ கலிடோனியா நத்தைக்கு குனியெய் என்று வைத்தார். ருட்மன் 1987இல் மேற்கு இந்தியப் பெருங்கடல் பக்கத்து நத்தையைப் பிரித்து ஜெமினஸ் என்றார். நத்தலி யோனோ 1994இல் மாலத்தீவு நத்தைக்கு டிரைட்டோஸ் என்று பெயரிட்டார். குனியெய்க்கு ஓரம் ஊதாவும் நீலமும் கலந்தது. ஜெமினஸுக்கு மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த அடுக்குப் பட்டைகள். நான் மூன்றாவது குறிப்பில் ஓரத்தைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

விலங்குப் பெயரீட்டுச் சட்டத்தில் மூத்த பெயருக்கே முன்னுரிமை. இந்த மூன்றில் எதுவாவது கெலார்ட் பார்த்த அதே விலங்குதான் என்று நிலைநாட்டப்பட்டால், 1858க்குப் பிந்திய பெயர் விழுந்துவிடும். ஆனால் கெலார்ட் பார்த்தது எது என்பதே தெளிவாக இல்லாதபோது யார் யாரை வீழ்த்துவது? வகைமாதிரி இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றை நியமிக்கச் சட்டத்தின் 75ஆம் விதி வழி கொடுக்கிறது. ஆனால் அந்த மாதிரி, இயன்றவரை முதலில் கிடைத்த இடத்திலிருந்தே வர வேண்டும் என்கிறது. அதாவது திருகோணமலையிலிருந்து. மாலத்தீவிலும் கென்யாவிலும் எவ்வளவு அழகான நத்தை எடுத்தாலும் இந்த வழக்கில் அது சாட்சிதான், வாதி இல்லை.

திருகோணமலையிலோ 1983 முதல் 2009 வரை போர். கடலில் மீன் பிடிக்கவே கட்டுப்பாடு இருந்த காலத்தில் நத்தை தேட யார் போவார்கள்? உலகமெங்கும் ஸ்கூபா பரவி, நீருக்கடியில் வண்ணப்படம் எடுப்பது எளிதாகி, நுடிபிராங்க் அறிவு பெருகிய காலமும் அதுதான். பெயர் பிறந்த கடல் மட்டும் பூட்டிக் கிடந்தது. ஆகவேதான் அந்த மாணவியிடம் சொன்னேன்: அம்மா, நீ விடுமுறைக்குப் போய் எடுத்த இந்த ஒரு படம், மற்ற ஊர்களில் எடுத்த நூறு படங்களைவிடப் பெறுமதியானது. ஆனால் திருகோணமலையில் எடுத்ததாலேயே அது கிளெனியெய் ஆகிவிடாது. ஒரே பாறையில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்கள் வாழலாம். கெலார்டின் வர்ணனையை வரி வரியாக வைத்துப் படத்தோடு ஒப்பிட வேண்டும், ஒத்துவராத வரி எது என்று எழுத வேண்டும். ஒத்துவரும் வரிகளை எல்லாரும் எழுதிவிடுவார்கள்.

7. அடைப்புக்குறியைக் கவனியுங்கள். ஒரு நத்தைப் பெயருக்குப் பின்னால் கெலார்ட், 1858 என்பது அடைப்புக்குள் இருந்தால், அவர் வேறொரு பேரினத்தில் வைத்தார், பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கிளெனியெய்யை அவர் டோரிஸ் என்றார். பல காலம் அது குரோமோடோரிஸ் என்று புத்தகங்களில் இருந்தது. 2012இல் ஜான்சன், காஸ்லினர் இருவரும் டிஎன்ஏ கொண்டு குடும்பத்தையே மறுவரிசைப்படுத்தி, பீஸ் 1866இல் வைத்து மறக்கப்பட்டுக் கிடந்த கோனியோபிராங்கஸ் என்ற பேரினத்தை உயிர்ப்பித்தார்கள். கறுப்பு விளிம்பு போட்ட ஒரு நத்தை உண்டு, பிரான்சின் கூவியே 1804இல் டோரிஸ் அட்ரோமார்ஜினாட்டா என்று பெயரிட்டது. அதற்குப் பிறகு காசெல்லா, குளோசோடோரிஸ் என்றெல்லாம் போய் இப்போது டோரிபிரிஸ்மாட்டிகாவில் நிற்கிறது. பேரினம் மாறுவதைப் பார்த்து மிரள வேண்டாம். நத்தை மாறவில்லை, உறவுமுறை பற்றிய நம் கருத்து மாறியிருக்கிறது. பழைய நூலில் தேடும்போது எல்லாப் பெயரிலும் தேட வேண்டும், அவ்வளவே.

8. ஃபார்மலினைத் தொடாதீர்கள். இது மருத்துவப் பிள்ளைகளுக்கு. அனாட்டமி ஹாலில் பழகிய கை அதைத்தான் தேடும். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதையும், பிறகு ஒழுங்காக வாசிப்பது மிகக் கடினம். அனுமதியோடு ஒரு நத்தையை எடுத்தால், முதலில் மெக்னீசியம் குளோரைடு கலந்த நீரில் மயக்குங்கள். இல்லாவிட்டால் கொம்பையும் செவுளையும் உள்ளிழுத்துக்கொண்டு உருண்டை ஆகிவிடும். பாத ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். உடலை அறுத்துப் பார்க்க வைத்திருப்பதானால் மீதி உடலை என்ன செய்வதென்று அதற்குப் பிறகு யோசிக்கலாம். எதில் போட்டாலும் நிறம் போய்விடும் என்பதால் படம் முதலில், சீசா பிறகு. படத்துக்கும் சீசாவுக்கும் ஒரே எண்.

9. டிஎன்ஏ சொல்வதைக் கேளுங்கள், ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள். விலங்குகளுக்கு வழக்கமாக வாசிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுத் துண்டு, 658 எழுத்து நீளம். 1994இல் ஃபோல்மர் குழு வடிவமைத்த பிரைமர்களைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வரிசையைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்பிட்டதும் 99 சதவீதம் இன்ன நத்தை என்று வரும். அந்தக் களஞ்சியத்தில் இருக்கும் பெயர் யாரோ ஒருவர் படம் பார்த்து வைத்ததுதான். அவர் ஓரத்தைப் பார்த்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. நூறு வரிசைகள் சேர்ந்து கிளைப்படம் அழகாக வரலாம். அந்தக் கிளைகளில் எது கெலார்டின் நத்தை என்று மரபணு சொல்லாது. அதற்குத் திருகோணமலைத் துணுக்கு ஒன்று வேண்டும்.

இந்த மாதிரி உருவ ஒற்றுமைச் சிக்கல் கோரிமேட்டுக்குப் புதிதில்லை. நம் இந்திரா நகரில் 1975இலிருந்து கொசுக்களை ஆராயும் மையம் இயங்குகிறது. மலேரியா பரப்பும் அனோஃபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு, கண்ணுக்கு ஒன்று. குரோமோசோம் பார்த்தால் ஏ, பி, சி, டி, இ என ஐந்து இனங்கள். பி என்பது மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாதது. ராமேசுவரம் தீவிலோ பி என்று கருதப்பட்ட கொசு இருந்தும் மலேரியா குறையவில்லை. ஒய் குரோமோசோமின் வடிவத்தை உற்றுப் பார்த்து, அதற்குள் இ என்ற தனி இனம் ஒளிந்திருப்பதை ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்டார்கள். அதுதான் அங்கே நோய் பரப்பியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் நத்தையைச் சொல்வதில்லை, இந்தக் கொசுவைச் சொல்வேன்.

10. கத்தியையும் மறக்காதீர்கள். டிஎன்ஏ வந்த பிறகு அறுத்துப் பார்ப்பது பழைய வேலை என்று ஓர் எண்ணம் பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கலிங்கா ஓர்னாட்டா என்றொரு நத்தை. வால்டர் எலியட் அனுப்பிய தொகுப்பை நியூகாசிலில் இருந்த ஆல்டர், ஹான்காக் இருவரும் ஆராய்ந்து 1864இல் வெளியிட்டபோது, அதற்கென்றே புதிய பேரினம் உண்டாக்கி, அது வந்த நாட்டின் பெயரையே வைத்தார்கள். உடம்பெல்லாம் சிவந்த குமிழ்கள் கொண்ட, மணல்தரையில் வாழும் பெரிய நத்தை. எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பது நீண்ட நாள் தகராறு. கே. வீரபத்ர ராவ் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, 1936இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் நாற்பது பக்கத்துக்கு அருகே எழுதினார். இன்றும் கலிங்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் முடியாது. அரநாக்கில் ஒரு வரிசைக்கு எத்தனை பல், இனப்பெருக்க உறுப்பில் எந்தப் பை எங்கே இணைகிறது என்பதெல்லாம் நிறம் போன பிறகும் நிற்கும் சான்றுகள். நூறு ஆண்டு பழைய ஜாடியிலிருந்தும் எடுக்கலாம்.

11. புதிய இனம் கண்டுபிடிக்க அலையாதீர்கள். பழைய பெயரைத் தெளிவாக்குவது அதைவிடக் கடினம், அதைவிட உபயோகமானது, அதற்குப் பத்திரிகையில் செய்தி வராது. வின்க்வொர்த் 1946இல் பம்பாய்க் கரையிலிருந்து டிரைமார்ஜினாட்டா என்று ஒன்றை விவரித்தார். வால்டெஸ், மொல்லோ, ஒர்டேயா மூவரும் 1999இல் தென்னிந்தியாவிலிருந்து இரண்டு புதிய குரோமோடோரிஸ்களை வெளியிட்டபோது, அந்தப் பழைய இனத்தையும் அதே கட்டுரையில் புதுப்பித்து விவரித்தார்கள். புதியவற்றில் ஒன்றுக்கு நம் மண்டபத்தின் பெயர், மண்டபமென்சிஸ். மண்டபம் பெயரில் நத்தை இருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது பம்பாய் நத்தையின் பக்கங்களை.

12. தெரியாதபோது சி.எஃப். போடுங்கள். பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் நடுவே அந்த இரண்டெழுத்தை எழுதினால், இதைப்போல இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று பொருள். மாணவியின் படம் இப்போதைக்கு கோனியோபிராங்கஸ் சி.எஃப். கிளெனியெய், திருகோணமலை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

13. சட்டத்துக்கு உட்பட்டு நடங்கள். புறாத்தீவு இலங்கையின் தேசியப் பூங்கா. அங்கிருந்து கடற்பஞ்சின் ஒரு துணுக்கைக்கூட எடுக்கக்கூடாது. அந்த மாதிரியை அனுமதி பெற்று எடுக்க வேண்டியவர்கள் இலங்கை ஆய்வாளர்கள். நம்மால் முடிந்தது படத்தையும் காணொளியையும் இட விவரத்தோடு அவர்களிடம் சேர்ப்பது. நம் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அதற்கும் அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் எடுத்து, அது புதியதாகத் தெரிந்தால், 2002ஆம் ஆண்டு உயிரியப் பன்மைச் சட்டப்படி குறிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து அங்கே மாதிரியை வைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையிலேயே கடல்சார் மையம் இருக்கிறது. வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்று எத்தனால் சீசாவைக் கூரியரில் போடாதீர்கள். அதற்குத் தனி அனுமதி உண்டு. இன்னொன்று, துறைமுகத்தில் யாராவது கேட்டால் கடல் அட்டை பார்க்க வந்தோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட வேறு உயிரினம், விசாரணை ராத்திரி வரை போகும்.

14. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் காலையில் போய்ப் பழகுங்கள். இழுவலையில் வந்து ஒதுக்கப்பட்ட குப்பையில் மணல்தரை நத்தைகள் கிடைக்கும், நீங்கள் மூழ்கிப் போகாத ஆழத்தவை. வலை உதறும் அண்ணன்களிடம் எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழம் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மத்தியானம் கேட்டால் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

15. சீட்டு சீசாவுக்குள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒட்டக்கூடாது. வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்துவிடும். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து நத்தையையும் நீலமாக்கும். இடம், தேதி, ஆழம், எடுத்தவர் பெயர், படத்தின் எண். நத்தையின் பெயருக்கு ஒரு வரி காலியாக விடுங்கள்.